கையால் செய்த கிளாசிக்கல் கிட்டார்: பிரெஞ்சு மரபை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

“ஹேண்ட்மேட்” என்ற சொல் கிட்டார் விற்பனையில் படாத பாடு படுகிறது. தொழிற்சாலையில் கடைசி ஆள் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தால்கூட அதுவும் கைவேலைதான் என்று சாதிப்பவர்கள் உண்டு. மறுபக்கம், மின்சார ரம்பம் தொட்டாலே அது கைவினை ஆகாது என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. கூடவே “பிரெஞ்சு மரபு” என்ற அடைமொழியும் சேர்ந்துவிட்டால் பழைய மரம், ரகசிய வார்னிஷ், தலைமுறை தலைமுறையாக வந்த அச்சு என்று ஆளுக்கொரு கதை கிளம்பும்.

விஷயம் அவ்வளவு மர்மமானதல்ல. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே விறைப்போடு இருப்பதில்லை. அதனால் நல்ல கிட்டாரின் அளவுகளை வரைபடத்திலிருந்து மட்டும் எடுக்க முடியாது, கையில் இருக்கும் பலகையையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கைவினை கிட்டார் என்றால், அந்த முடிவை அந்த ஒரு கருவிக்காகவே ஒருவர் உட்கார்ந்து எடுத்திருக்கிறார் என்று பொருள். ரம்பம் எதனால் ஓடியது என்பது இரண்டாம் பட்சம். பாரிஸ் கைவினைஞர்கள் அந்த முடிவுகளை எப்படி எடுத்தார்கள், எதை மாற்றினார்கள் என்று புரிய வேண்டுமானால் கிட்டார் எப்படி ஒலிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எந்த கிட்டார்?

கிளாசிக்கல் கிட்டாரில் ஆறு தந்திகள். உயர்ந்த சுரம் தரும் மேல் மூன்று நைலான் இழை. தாழ்ந்த சுரம் தரும் கீழ் மூன்றும் மெல்லிய நைலான் இழைக்கற்றையின் மேல் உலோகக் கம்பி சுற்றியவை. இரும்புத் தந்தி கிட்டாரின் குடும்பம் வேறு, அதன் உள்கட்டமைப்பும் வேறு. தந்தி தாங்கும் இரண்டு முனைகளுக்கு இடையிலான நீளம் பெரும்பாலும் 650 மில்லிமீட்டர். ஆறு தந்திகளையும் சுருதிக்கு முறுக்கினால் மொத்த இழுவிசை ஏறக்குறைய 40 கிலோ. இந்த 40 கிலோ கட்டுரை முழுக்க நம்மோடு வரும்.

நைலான் தந்தி வந்தது இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில்தான். அதற்கு முன் மேல் தந்திகள் விலங்குக் குடலில் திரித்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டு கிட்டார்கள் எல்லாம் குடல் தந்திக்காகக் கட்டப்பட்டவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் ஒரு குழப்பம் தானாகத் தீரும்.

தந்திக்குக் குரல் கிடையாது

பனையோலை விசிறியின் காம்பை மட்டும் எடுத்து எவ்வளவு வேகமாக ஆட்டினாலும் காற்று வராது. காற்று காம்பின் இருபக்கமும் வழுக்கிப் போய்விடும். அதே காம்பில் ஓலை இருந்தால் மெல்ல அசைத்தாலே முகத்தில் காற்று படும். தந்தி அந்தக் காம்பு. அதிர்வு அதில்தான் பிறக்கிறது, ஆனால் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது, அது தள்ளும் காற்று காதுக்கு எட்டாது. ஓலையின் வேலையைச் செய்வது கிட்டாரின் முன்பக்கம் முழுவதையும் மூடியிருக்கும் மெல்லிய பலகை. இதை மேற்பலகை என்போம்.

விசிறியிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். ஓலைக்குப் பதில் தேக்குப் பலகையைச் செருகினால் கை சோர்ந்துவிடும், பாதி சக்தி பலகையை அசைப்பதிலேயே போகும். துணியைக் கட்டினால் அது மடங்கிக்கொள்ளும், காற்றைத் தள்ளாது. பனையோலை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: எடை குறைவு, மடிப்புகளால் விறைப்பு அதிகம். கிட்டார் மேற்பலகை செய்வதன் முழுச் சிக்கலும் இதுதான். எடையைக் குறைக்க வேண்டும், விறைப்பைக் காக்க வேண்டும், கூடவே 40 கிலோ இழுவிசையில் பல பத்தாண்டுகள் நிற்கவும் வேண்டும்.

தந்தியின் அதிர்வை மேற்பலகைக்குக் கடத்தும் கட்டைக்கு பிரிட்ஜ் என்று பெயர், வீணையில் நாம் குதிரை என்பதற்கு இணையானது. வித்தியாசம் ஒன்று உண்டு. கிளாசிக்கல் கிட்டாரில் தந்திகள் பிரிட்ஜிலேயே கட்டப்பட்டிருக்கும், பிரிட்ஜ் மேற்பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். ஆணி, திருகு எதுவும் கிடையாது. பிரிட்ஜின் மேல் தந்தி ஏறி நிற்கும் எலும்புத் துண்டு சேடில். தந்தி மேற்பலகையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இழுப்பதால், பிரிட்ஜ் எப்போதும் முன்பக்கமாகக் கவிழப் பார்க்கிறது. அதன் பின்பக்கம் பலகை உப்பும், ஒலித்துளை இருக்கும் முன்பக்கம் பலகை அமுங்கும். இந்தத் திருகலைத் தாங்குவதற்குத்தான் பலகையின் உட்புறம் மெல்லிய மரச் சட்டங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன, இவற்றைப் பட்டைகள் என்போம்.

இதுவரை சொன்னதன் சாரம்: தந்தி அதிர்கிறது, பிரிட்ஜ் கடத்துகிறது, மேற்பலகை காற்றைத் தள்ளுகிறது. பலகை மெல்லியதாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும்.

பலகையைத் தேர்வதும் இழைப்பதும்

மேற்பலகைக்கு இரண்டு மரங்கள்தான் பெரும்பாலும் பயன்படுகின்றன. ஒன்று ஆல்ப்ஸ் போன்ற ஐரோப்பிய மலைகளில் வளரும் ஸ்ப்ரூஸ். மற்றொன்று வட அமெரிக்காவின் சிவப்பு செடார், இது கிளாசிக்கல் கிட்டாருக்குள் பரவலாக வந்தது 1960களில். இரண்டும் ஊசியிலை மரங்கள். எடைக்குக் கிடைக்கும் விறைப்பில் இவற்றை மிஞ்சும் மரங்கள் மிகக் குறைவு.

பலகையை எப்படி அறுக்கிறார்கள் என்பது மரத்தின் பெயரைவிட முக்கியம். மரத்தின் ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுக்க வேண்டும். வளையம் சாய்ந்துவிட்டால் குறுக்குவாட்டு விறைப்பு மளமளவென்று குறையும், 45 பாகை அளவில் சாய்ந்தால் மிக மோசம். ஸ்ப்ரூஸ் ரேகை ஓடும் திசையில் எவ்வளவு விறைப்போ, குறுக்கே அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. உள்ளதையும் அறுப்பில் இழந்துவிடக் கூடாது.

தடித்த துண்டைப் புத்தகம் விரிப்பதைப் போல இரண்டாகப் பிளந்து, நடுவில் ஒட்டி, பிறகு 2 முதல் 2.6 மில்லிமீட்டர் தடிமனுக்கு இழைப்பார்கள். செடார் கொஞ்சம் மென்மையானது என்பதால் அதைச் சற்றுத் தடிமனாக விடுவது வழக்கம். முடிந்த மேற்பலகை, பட்டைகள் எல்லாம் சேர்ந்தும் 200 கிராமை ஒட்டித்தான் இருக்கும்.

இங்கே ஒரு கணக்கு மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கேற்ப மாறும். 2.5 மில்லிமீட்டர் பலகையை 2.25 ஆக்கினால் எடை பத்து சதவீதம்தான் குறையும், விறைப்போ 27 சதவீதம் குறைந்துவிடும். கால் மில்லிமீட்டர் என்பது இரண்டு மூன்று தாள்களின் கனம். இழைப்புளியை நாலு முறை ஓட்டினால் போய்விடும் அளவு.

தொழிற்சாலையும் கைவினைஞரும் பிரியும் இடம் இதுதான். தொழிற்சாலையில் ஆயிரம் பலகைகளும் ஒரே தடிமனில் வெளிவரும். அந்த ஆயிரத்தில் பலவீனமான பலகையும் பிளக்காமல், வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவராமல் இருக்க வேண்டும். ஆகவே எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கூடுதல் தடிமன் வைக்கிறார்கள். வியாபாரத்துக்கு அது சரியான முடிவு. ஆனால் நல்ல பலகை தேவையில்லாத சுமையோடு ஒட்டப்பட்டுவிடுகிறது. கைவினைஞர் பலகையை இரண்டு கையாலும் நீளவாக்கில், குறுக்குவாக்கில் வளைத்துப் பார்க்கிறார், விரலால் தட்டிக் கேட்கிறார், எடை போடுகிறார், சிலர் நடுவில் பாரம் தொங்கவிட்டு எவ்வளவு வளைகிறது என்று அளக்கிறார்கள். ஒரு பலகை 2.1க்கு வரலாம், அடுத்தது 2.5லேயே நின்றுவிடலாம். தடிமன் குறைக்கும் எந்திரம் இன்று பெரும்பாலான பட்டறைகளில் உண்டு, அதில் தவறேதும் இல்லை. எங்கே நிறுத்துவது என்பதை எந்திரம் சொல்லாது, அவ்வளவுதான்.

ஒரே பெயரில் இரண்டு பிரெஞ்சு மரபுகள்

“பிரெஞ்சு கிட்டார்” என்று பேசுபவர்கள் பல சமயம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கருவிகளைக் கலந்துவிடுகிறார்கள்.

முதலாவது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் செய்தவை. கிழக்கு பிரான்ஸின் வோஸ்ஜ் பகுதியில் இருக்கும் மீர்கூர் என்ற சிறு நகரம் பல தலைமுறைகளாக வயலினும் கிட்டாரும் செய்த ஊர். அந்தத் தொழில் பாரிஸிலும் வேர்விட்டது. அன்றைய பாரிஸின் மிகப் பெரிய பெயர் ரெனே லக்கோத். கிட்டார் மேதை ஃபெர்னாண்டோ சோர் தன் பயிற்சி நூலிலேயே அவரைப் பாராட்டியிருக்கிறார், அதுவும் சொன்ன நியாயத்தைக் காது கொடுத்துக் கேட்பவர் என்பதற்காக. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ழான் நிக்கோலா க்ரோபேர் செய்த ஒரு கிட்டாரின் மேற்பலகையில் வயலின் மேதை பகனினியும் இசையமைப்பாளர் பெர்லியோஸும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது.

இந்தக் கிட்டார்கள் உருவில் சிறியவை, இடுப்பு ஒடுங்கியவை. மேற்பலகையின் உட்புறம் மூன்று நான்கு பட்டைகள் குறுக்காக, ஏணிப்படிபோல ஓடும். குடல் தந்திக்கு அது போதும். ஒலி தெளிவாக, உடனே வரும். இன்றைய கருவியின் ஆழ்ந்த கீழ்ச்சுரங்களை இதில் எதிர்பார்க்கக் கூடாது. இன்றைய அதிக இழுவிசைத் தந்திகளை இதில் மாட்டினால் மேற்பலகை அமுங்கிச் சிதைய வாய்ப்பு உண்டு. பழைய பிரெஞ்சு கிட்டார் வாங்கியவர்கள் பலர் கைசுடும் இடம் இது. இன்னொன்றையும் சொல்லிவிடலாம். மீர்கூரில் பின்னாளில் பெரிய தொழிற்சாலைகளும் இயங்கின. லேபிளில் அந்த ஊர்ப் பெயர் இருப்பதாலேயே கைவினை என்று பொருளாகாது.

இரண்டாவது மரபு 1946இல் தொடங்குகிறது. ரொபேர் பூஷே பாரிஸில் வாழ்ந்த ஓவியர், பிறந்தது 1898இல். கிட்டார் வாசிக்கும் ஆர்வம் கொண்டவர். பாரிஸில் குடியேறிய ஸ்பானியக் கைவினைஞர் ஹூலியான் கோமெஸ் ராமிரெஸின் பட்டறையில் வேலை நடப்பதைப் பார்த்துப் பழகியவர். ஐம்பதை நெருங்கும் வயதில் தனக்கென ஒரு கிட்டார் செய்தார். 1986இல் இறக்கும் வரை செய்தது மொத்தம் நூற்றைம்பதை ஒட்டித்தான். ஆனால் ஈடா ப்ரெஸ்தி, அலெக்சாந்தர் லகோயா, ஜூலியன் ப்ரீம் போன்ற பெயர்பெற்ற கிட்டார் கலைஞர்கள் அவர் கருவிகளை வாசித்தார்கள்.

பூஷே லக்கோத்தின் ஏணிப் பட்டைகளுக்குத் திரும்பவில்லை. அவர் பின்பற்றியது ஸ்பெயினின் கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ தெ டோரெஸை. ஆகவே இன்று “பிரெஞ்சு பள்ளி” எனப்படுவது லக்கோத்தின் வாரிசு அல்ல, டோரெஸின் பாரிஸ் கிளை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

பட்டைகள் செய்யும் வேலை

டோரெஸ் (1817–1892) தன் கிட்டார்களில் ஒலித்துளைக்குக் கீழே ஏழு மெல்லிய பட்டைகளை விசிறிக் கால்கள்போல விரித்து ஒட்டினார். விசிறிப் பட்டையை முதலில் பயன்படுத்தியவர் அவரல்ல, ஒழுங்குபடுத்தியவர் அவர். இந்தப் பட்டைகள் ஏறக்குறைய ரேகையின் திசையிலேயே ஓடுகின்றன. பிரிட்ஜின் திருகலை அவை தாங்குவதால் பலகையை மேலும் மெல்லியதாக்க முடிந்தது, உடலைப் பெரிதாக்க முடிந்தது. ஒலியில் கீழ்ச்சுரங்களின் ஆழம் இப்படி வந்ததுதான்.

விசிறிப் பட்டையிலும் ஒரு குறை உண்டு. பட்டைகள் எல்லாம் நீளவாக்கில் ஓடுவதால் பலகை குறுக்கே தளர்வாக இருக்கிறது. குறைந்த அதிர்வெண்ணில் பலகை முழுவதும் ஒன்றாக மேலும் கீழும் அசையும்போது இது சிக்கலில்லை. சுரம் உயர உயர பலகை துண்டு துண்டாகப் பிரிந்து அசையத் தொடங்கும். வலப்பாதி மேலே போகும்போது இடப்பாதி கீழே போகும், ஒன்று தள்ளிய காற்றை மற்றது இழுத்துக்கொள்ளும். மேல்தந்தியில் உயர்சுரங்கள் மெலிந்து, சீக்கிரம் அடங்கிப் போவதற்கு இது ஒரு காரணம்.

பூஷே 1950களின் நடுப்பகுதியில் செய்த மாற்றம் பார்ப்பதற்கு மிகச் சாதாரணமானது. பிரிட்ஜுக்கு நேர் கீழே, பலகையின் உட்புறம், ஒரு குறுக்குப் பட்டையைப் பொருத்தினார். விசிறிப் பட்டைகள் அதை ஊடறுத்துப் போகும். இப்போது பிரிட்ஜ் இருக்கும் வரியில் பலகைக்குக் குறுக்கு விறைப்பு கிடைத்தது. தந்தியின் சக்தி சட்டென்று பலகைக்குள் கொட்டிவிடாமல் நிதானமாகப் போகிறது. மேல்சுரங்கள் நீண்டு நிற்கின்றன, ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சமநிலை வருகிறது.

இலவசமாக எதுவும் கிடைக்கவில்லை. குறுக்குப் பட்டை எடையைக் கூட்டுகிறது, தொட்டவுடன் வெடிக்கும் அந்த ஸ்பானிய வேகம் குறைகிறது. பட்டை கொஞ்சம் உயரமாகிவிட்டால் கிட்டார் இறுகிப் போய், பலமாக மீட்டினால் மட்டுமே பேசும். பட்டையின் விறைப்பும் அதன் உயரத்தின் மும்மடிக்கேற்ப மாறும். 6 மில்லிமீட்டர் பட்டையை 5 ஆக்கினால் விறைப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் போய்விடும். பிரெஞ்சு பாணியைப் படம் பார்த்து நகலெடுத்தவர்கள் பலர் தோற்றது இங்கேதான் என்று நினைக்கிறேன்: பட்டையின் இடத்தைச் சரியாக நகலெடுத்தார்கள், அதைத் தங்கள் பலகைக்கேற்பச் செதுக்கவில்லை.

பூஷேயின் வழியில் வந்தவர்களில் முதன்மையானவர் டானியல் ஃப்ரீடெரிக் (1932–2020). அவர் முதலில் கற்றது மேசை நாற்காலி செய்யும் நுண்தச்சு. செய்த ஒவ்வொரு கிட்டாரின் அளவுகளையும் குறித்து வைத்தார், ஒலியியல் ஆய்வாளர்களோடு சேர்ந்து சோதித்தார், ஒரு மாற்றத்தின் விளைவை அடுத்த கருவியில் சரிபார்த்தார். பக்கப்பலகைகளை இரண்டடுக்காக ஒட்டி விறைப்பாக்கியது அவர் வேலையின் ஓர் அடையாளம். மேற்பலகையின் விளிம்பை உறுதியாகப் பிடித்துக்கொண்டால் அதிர்வுச் சக்தி பக்கங்களுக்குள் கசிந்து வீணாகாது என்பது அதன் நியாயம். வாழ்நாளில் சுமார் 800 கிட்டார்கள் செய்தார்.

சுருக்கமாக: ஏணிப் பட்டை பழைய சிறு கிட்டாருக்கு, விசிறிப் பட்டை டோரெஸின் வழிக்கு. விசிறியோடு பிரிட்ஜுக்குக் கீழே குறுக்குப் பட்டை வந்தால் அது பூஷேயின் பாரிஸ் வழி.

ஒத்ததிர்வும் ஓநாய்ச் சுரமும்

எந்தப் பொருளுக்கும் தானாக அதிர விரும்பும் அதிர்வெண் ஒன்று உண்டு. அதே அதிர்வெண்ணில் தூண்டினால் அது மிகப் பெரிதாக அதிரும். இதுவே ஒத்ததிர்வு. கிட்டாரில் இரண்டு ஒத்ததிர்வுகள் முக்கியம். உடலுக்குள் அடைபட்ட காற்று ஒலித்துளை வழியே உள்ளும் புறமும் மூச்சுவிடுவது ஒன்று, பெரும்பாலும் 95 முதல் 105 ஹெர்ட்ஸுக்குள். மேற்பலகை முழுவதும் ஒன்றாக அசைவது மற்றது, 180 முதல் 215 ஹெர்ட்ஸ் வரையில் எங்கோ.

மிகத் தாழ்ந்த தந்தியின் சுரம் 82 ஹெர்ட்ஸ். அந்தக் குறைந்த அதிர்வெண்ணில் பலகை மட்டும் தனியாக எதையும் சாதிக்காது, காற்று ஒத்ததிர்வு கைகொடுத்தால்தான் கீழ்ச்சுரங்களுக்கு உடல் வரும்.

சிக்கல் எங்கே என்றால், மூன்றாம் தந்தியை எங்கும் விரலால் அழுத்தாமல் மீட்டினால் வரும் சுரம் 196 ஹெர்ட்ஸ். மேற்பலகையின் ஒத்ததிர்வும் அதே 196இல் விழுந்துவிட்டால் பலகை தந்தியின் சக்தியை ஒரே மூச்சில் குடித்துவிடும். சுரம் “டொக்” என்று பெரிதாக வந்து உடனே செத்துப்போகும். பக்கத்துச் சுரங்கள் நன்றாக இருக்க, இது மட்டும் தனித்து நிற்கும். இதற்குக் கைவினைஞர்கள் வைத்த பெயர் ஓநாய்ச் சுரம். முற்றிலும் ஒழிக்க முடியாது. ஒத்ததிர்வைச் சுரத்தின் மேலேயே விழாமல், 196க்கும் அடுத்த அரைச்சுரமான 208க்கும் நடுவே எங்காவது உட்கார வைப்பதுதான் சாமர்த்தியம். அப்போது குறை இரண்டு சுரங்களுக்கும் பங்கிடப்பட்டுக் கேட்பவருக்குத் தெரியாமல் போகும்.

பலகையை அல்லது பட்டையைச் சுரண்டினால் விறைப்பு குறைந்து ஒத்ததிர்வு இறங்கும். எடையைக் குறைத்தால் ஏறும். பிரிட்ஜின் எடை சாதாரணமாக 20 கிராமை ஒட்டியது, அதில் இரண்டு மூன்று கிராம் மாறினாலே வித்தியாசம் தெரியும். பெட்டியை மூடிய பிறகும் சில கைவினைஞர்கள் ஒலித்துளைக்குள் கையை விட்டுப் பட்டையைச் சீவுவது இதற்காகத்தான்.

பட்டறையில் வேலை ஓடும் வரிசை

மேற்பலகையில் ஒலித்துளையைச் சுற்றி அலங்காரம் பதிப்பதோடு வேலை தொடங்கும். பிறகு பலகையைக் கடைசித் தடிமனுக்கு இழைத்துப் பட்டைகளை ஒட்டுவார்கள். பக்கப்பலகைகள் 2 மில்லிமீட்டர் அளவுக்கு இழைக்கப்பட்டு, சூடான இரும்புக் குழாயில் ஈரத்தோடு வளைக்கப்படும். அவசரப்பட்டால் இடுப்பு வளைவில் மரம் படீரென்று கிழியும். கழுத்து, மேற்பலகை, பக்கங்கள் எல்லாம் ஒரு அச்சுப்பலகையின் மேல் முகம் கீழாக வைத்து இணைக்கப்படும். கடைசியாகப் பின்பலகையால் பெட்டி மூடப்படும். அதற்குப் பிறகு விரல்பலகை, அதன் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிகளான ஃப்ரெட்கள், மெருகு, பிரிட்ஜ். நல்ல பட்டறையில் ஒரு கருவிக்கு நூறு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். மெருகு காயும் வாரங்கள் அந்தக் கணக்கில் இல்லை.

இந்த வரிசையில் அதிகம் பேசப்படாதது காற்றின் ஈரப்பதம். பட்டைகளை ஒட்டும் அறை 45 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 360 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்ப்ரூஸ் பலகை 70 சதவீத ஈரத்திலிருந்து 45க்கு வந்தால் அகலத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் சுருங்கும். ஈரமான நாளில் பட்டை ஒட்டிய பலகை, வறண்ட அறைக்குப் போனதும் சுருங்கப் பார்க்கும், பட்டையும் விளிம்பும் விடாது. கடைசியில் பலகை ரேகையோடு வெடிக்கும். வறண்ட அறையில் ஒட்டியது ஈரமான ஊருக்குப் போனால் உப்பும், அது திரும்பி வரக்கூடிய குறை. இரண்டில் எது தேவலை என்பதை எந்தக் கைவினைஞரும் யோசிக்காமல் சொல்வார்.

பசையும் முக்கியம். பழைய வழி, நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் விலங்குப் பசை. 60 டிகிரி செல்சியஸில் உருக்கிப் பூசுவார்கள், அதிகம் கொதித்தால் பலம் போய்விடும், ஆறுவதற்குள் பொருத்தியாக வேண்டும். காய்ந்தபின் கண்ணாடிபோல் இறுகும், பிற்காலத்தில் சூடும் ஈரமும் காட்டினால் இணைப்பைச் சேதமின்றித் திறக்கலாம். சாதாரண வெள்ளைப் பசை பிரிட்ஜுக்கு ஆகாது. தொடர்ந்து இழுக்கும் பாரத்தில், அதுவும் வெயிலில், அது மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும்.

பின்பலகை எவ்வளவு முக்கியம்?

விற்பவர்கள் முதலில் காட்டுவது பின்பக்கத்தைத்தான், ஏனென்றால் அழகு அங்கேதான் இருக்கிறது. டோரெஸ் 1862இல் பின்னும் பக்கமும் அட்டைக்கூழால் செய்து, மேற்பலகையை மட்டும் ஸ்ப்ரூஸில் வைத்து ஒரு கிட்டார் கட்டினார். ஒலியைத் தீர்மானிப்பது மேற்பலகைதான் என்று காட்டுவதற்கு. பார்சிலோனா அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. அதனால் பின்பலகைக்கு வேலையே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒலியின் நிறத்திலும் நீட்சியிலும் அதற்குப் பங்கு உண்டு, ஆனால் அது இரண்டாம் இடம்.

இந்த இடத்தில் நம் மலைகள் கதைக்குள் வருகின்றன. பிரேசில் ரோஸ்வுட் 1992இல் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அதற்கு வெகு முன்பே பட்டறைகள் இந்திய ரோஸ்வுட்டைப் பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. அது மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வார்கள். இன்று உலகின் கச்சேரி கிட்டார்களில் மிகப் பலவற்றின் பின்பக்கம் இந்த மரம்தான். விரல்பலகைக்குக் கருங்காலி வகை மரம்.

ரகசியமில்லாத மெருகு

பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கை ஆல்கஹாலில் கரைத்து, பஞ்சை உள்ளே வைத்துக் கட்டிய துணிப்பொட்டலத்தால் தேய்ப்பது. அரக்கு இந்தியக் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் பூச்சி சுரக்கும் பிசின். பழைய தச்சர்கள் நம் ஊர் மேசைகளுக்கும் இதே பாலிஷைத்தான் போட்டார்கள். ஒரு துளி எண்ணெய், வட்டமும் எட்டுமாகக் கை ஓட்டம், பல நாள் இடைவெளியில் பல சுற்றுகள். துணி ஓரிடத்தில் நின்றால் அடியில் பூசியது கரைந்து ஒட்டிக்கொள்ளும். ஈட்டி மரத்தின் துளைகளைப் நுரைக்கல் பொடியால் அடைத்த பிறகே பூச வேண்டும்.

பயன் தடிமனில் இருக்கிறது. சரியாகப் பூசிய அரக்கு 0.1 மில்லிமீட்டரைவிட மெல்லியது. தொழிற்சாலைகள் தெளிக்கும் பாலியூரித்தேன் அதைவிடப் பல மடங்கு தடிக்கலாம். இவ்வளவு சொன்ன பிறகு, மெல்லிய மேற்பலகையின் மீது கனத்த பிளாஸ்டிக் போர்வை என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. குறையும் தெரிந்திருக்க வேண்டும்: அரக்கு வியர்வையில் மங்கும், சூட்டில் இளகும், சானிடைசர் பட்ட கையால் தொட்டால் கரையும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் ரேகைகள் விளிம்பின் கனத்திலும் தொடர்ந்து இறங்கினால் அது ஒரே மரப்பலகை. அடுக்குகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை. சிறு கண்ணாடியும் விளக்கும் இருந்தால் பிரிட்ஜுக்குக் கீழே குறுக்குப் பட்டை ஓடுகிறதா என்று உள்ளே பார்த்துவிடலாம். குறுக்குப் பட்டை இருப்பதாலேயே அது நல்ல கிட்டாராகிவிடாது, ஆனால் பாரிஸ் பாணி என்று சொல்லி விற்பவர் குறைந்தபட்சம் அதையாவது காட்ட வேண்டும்.

மூன்றாம் தந்தியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாகப் பன்னிரண்டு வரை ஒரே பலத்தில் மீட்டிக்கொண்டே போங்கள். திடீரென ஒரு சுரம் வெடித்து அடங்கினால் அது ஓநாய். பிறகு முதல் தந்தியில் ஒன்பதாவது ஃப்ரெட்டுக்கு மேலே மெதுவாக மீட்டுங்கள். மலிவான கிட்டார் இங்கே மெலிந்துவிடும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் மேல்தந்திக்கு 3 மில்லிமீட்டர், கீழ்த்தந்திக்கு 4 என்பது வழக்கமான அளவு. பிரிட்ஜின் பின்னே லேசான மேடு இருப்பது இயல்பு. முன்னே குழி விழுந்து, தந்தியின் உயரமும் கூடியிருந்தால் உள்ளே பட்டை விட்டிருக்கலாம்.

வீட்டில் ஈரப்பதமானி ஒன்று பெட்டிக்குள் இருக்கட்டும், 45 முதல் 60 சதவீதம் வரை பயமில்லை. கடற்கரை ஊர்களில் 75ஐத் தாண்டும்போது பலகை உப்பித் தந்தி உயரும், சேடிலை அவசரப்பட்டுத் தேய்த்துவிட வேண்டாம், ஏசி அறைக்குப் போனதும் அது இறங்கிவிடும். உயரமும் தாழ்வுமாக இரண்டு சேடில்களைச் செய்து வைத்துக்கொண்டு பருவத்துக்கேற்ப மாற்றுபவர்கள் உண்டு, மாற்றுவதற்குப் பத்து நிமிடம் போதும்.